ஸுக்திதி எடைக்கூடத்தில் எட்டு மணி

ஹேசல் கொட்டை மூட்டைகள் வரிசையில் நிற்கின்றன.
அவற்றின் மேல் ஆட்கள்.
செப்டம்பர் மழை தகரக் கூரையில்
எதையோ கொட்டிக் கொட்டி அளக்கிறது.

கூடத்துக்கு ஒரே கணினி.
ஈரப்பதம் பார்க்கும் நாத்தேலாவுக்கும் அதுதான்,
எடை போடும் ஜோண்டோவுக்கும் அதுதான்,
இரவில் சீட்டாடும் காவல்காரன் வாலிகோவுக்கும்,
அறுவடைக்கு மட்டும் குத்தாயிஸியிலிருந்து வந்து
கணக்கெழுதும் எனக்கும்.
திறந்தால் ஒரே பெயர்: லமாரா.
கீழே ஒரு வெள்ளைக் கட்டம்,
அதற்குள் கண்சிமிட்டும் கோடு.

லமாரா இங்கே இல்லை.
இரண்டு வருடமாக இத்தாலியில், பாரி நகரத்தில்,
இன்னொருவரின் தாயைக் குளிப்பாட்டி
மகனின் கல்லூரிக்குப் பணம் அனுப்புகிறாள்.

காலை எட்டுக்கு ஜோண்டோ
கைப்பேசியை ஸ்பீக்கரில் போடுவார். அங்கே ஆறு.
"கேட்கிறதா?" என்பாள் அவள்.
"கேட்கிறது" என்பார் இவர்.
குரலா, இயந்திரமா,
எது கேட்பதைச் சொல்கிறார்கள் என்று
முதல் வாரம் எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வாள்.
முதல் எழுத்து பெரியது.
த்ஸாப்லா, அவள் பசுவின் பெயர்.
அதை விற்ற வருடம்.
கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி.
எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே
காபிப் பாத்திரம் கொதிக்கும்,
அந்த அம்மாள் இருமுவார்,
வேலி சாய்ந்துவிட்டதாமே, உன் முழங்கால் எப்படி,
வாலிகோ குடியை விட்டானா என்று
கடவுச்சொல்லில் இல்லாத எழுத்துகளும் வரும்.

ஐந்து நிமிடம் தொடாவிட்டால் திரை உறங்கிவிடும்.
மறுபடி கேட்கும். மறுபடி பாரி.
ஒருநாள் பதினோரு தடவை.
மூட்டைமேல் இருந்த ஒருவன் கத்தினான்:
"கொட்டை முளைத்தே விடும் ஐயா!"

எனக்கு இதற்கு வழி தெரியும்.
அமைப்புகளுக்குள் போய், மூன்றாம் பக்கத்தில்,
ஒரு சின்னக் கட்டத்தின் டிக்கை எடுத்துவிட்டால் போதும்.
அப்புறம் கேட்காது. யார் தொட்டாலும் திறக்கும்.
சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.
ஜோண்டோ தராசின் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்,
ஏற்கெனவே துடைத்த தட்டை.

கேள்வியை நிறுத்துவதற்கும்
கடைசியாக ஒருமுறை பதில் சொல்ல வேண்டியிருந்தது.
"அவளைக் கூப்பிடுங்கள்" என்றேன்.
கூப்பிடவில்லை.
தராசை விட்டு வந்து, என்னைத் தள்ளி உட்காரச் சொல்லி,
தடித்த இரண்டு விரல்களால்
பசு, வருடம், நட்சத்திரம்,
விசைகளைப் பார்க்காமலே தட்டினார்.
ஒரு பிழை இல்லை.

நாத்தேலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
நான் 'சரி' என்ற பொத்தானின் மேல்
அம்புக்குறியை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் இருந்தேன்.
வெளியே நாற்பது மூட்டை.
அழுத்திவிட்டேன்.

மறுநாள் கணினி யாரையும் எதுவும் கேட்கவில்லை.
வாலிகோவின் பாதி ஆட்டம் அப்படியே திறந்து கிடந்தது,
இஸ்பேட் ராணி மேலே.
எட்டு மணி அடிப்பதற்குள் ஆறு பேருக்கு ரசீது.
ஒருவரும் கத்தவில்லை.
வேலை இவ்வளவு சீக்கிரம் நடக்கும்போது
கூடம் இவ்வளவு பெரியதா என்றிருந்தது.

எட்டு இருபதுக்குக் கைப்பேசி அதிர்ந்தது.
பழக்கத்தில் ஸ்பீக்கரில் போட்டார்.
"ஏன் கூப்பிடவில்லை? கணினி கெட்டுவிட்டதா?"

திறந்த திரையில் நூற்றுப் பன்னிரண்டு கிலோ என்று
நான் அடித்துக்கொண்டிருந்தேன்.
ஜோண்டோ என்னைப் பார்த்தார்.
விசைகளிலிருந்து விரலை எடுத்தேன்,
சத்தம் அங்கே போய்விடாமல்.

"மின்சாரம் இல்லை லமாரா.
இப்போதுதான் வந்தது. சொல்லு."

சொன்னாள்.
முதல் எழுத்து பெரியது.
ஈரம் ஊறிய மேசைப் பலகையில்
ஒவ்வோர் எழுத்தாக
அவர் தட்டிக்கொண்டே போனார்.